நாற்பது என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தேன்

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். பல செமஸ்டர்களாக நான் போட்டு அனுப்பிய கிரேடுகள், மாணவர்களிடம் நான் சொன்ன கணக்குப்படி வந்தவை அல்ல. யாரிடமும் காசு வாங்கவில்லை. யாருடைய விடைத்தாளையும் திருத்தி எழுதவில்லை. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கவில்லை. ஆனாலும் செமஸ்டரின் முதல் வகுப்பில் போர்டில் எழுதிப்போட்ட வாக்கை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்றவில்லை என்று தெரிந்த பிறகும் அதையே செய்தேன். அதைப் பற்றிக் கேட்டு வந்த ஒரு மாணவியிடம் பொய் சொன்னேன்.

போர்டில் நான் எழுதியது இதுதான்: இன்டர்னல் 40, எண்ட் செம் 60. இன்டர்னலில் இரண்டு டெஸ்ட்டுக்கு 30, அசைன்மென்ட்டுக்கு 10. எங்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஆசிரியரே எண்ட் செம் தாளையும் திருத்துவார். எல்லா மதிப்பெண்ணையும் மூடுல் என்ற சாஃப்ட்வேரில் ஏற்றி, வெயிட்டேஜ் கொடுத்து, வரும் மொத்தத்தை வகுப்பின் சராசரியோடும் திட்ட விலக்கத்தோடும் ஒப்பிட்டு கிரேடு போட்டு அனுப்ப வேண்டியதும் அவர் பொறுப்பு. ஒரு மாணவரின் கிரேடு அவர் எவ்வளவு வாங்கினார் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. வகுப்பில் மற்றவர்களுக்கு முன்னே நிற்கிறாரா பின்னே நிற்கிறாரா என்பதையும் பொறுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் நான் செய்த தவறின் அளவு புரியும்.

இன்டர்னலுக்கு நாற்பது என்பது எங்கள் கல்லூரி மட்டும் எடுத்த முடிவு அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 20, எண்ட் செம் 80 என்று இருந்தது. 2021 ஒழுங்குமுறையில் அது 40க்கு 60 ஆனது. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இன்றும் 25க்கு 75தான். இன்டர்னலைக் கூட்டுவதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. நவம்பரிலோ ஏப்ரலிலோ வரும் ஒரு மூன்று மணி நேரத்தை வைத்து ஒருவருடைய ஐந்து மாத உழைப்பைத் தீர்மானிக்கக் கூடாது. அன்றைக்குக் காய்ச்சல் வரலாம், வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். வாராவாரம் படித்தவருக்கு அந்தப் படிப்பு கை கொடுக்க வேண்டும். எனக்கும் இதில் முழு நம்பிக்கை உண்டு. முதல் வகுப்பில் இதை நான் நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

மூடுலில் மதிப்பெண் ஏற்றுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்: அதன் கிரேடுபுக் தானாகத் தேர்ந்துகொள்ளும் முறையில், எது எத்தனை மார்க்குக்கு நடத்தப்பட்டதோ அதற்கேற்பத்தான் அதன் பங்கு அமையும். தலா 10 மார்க்குக்கு ஐந்து அசைன்மென்ட், தலா 50க்கு இரண்டு டெஸ்ட், 100க்கு எண்ட் செம் என்று உள்ளே போட்டுவிட்டு அப்படியே விட்டால், மொத்தம் 250 ஆகிறது. எண்ட் செம்மின் பங்கு 40 சதவீதமாகச் சுருங்கி, அசைன்மென்ட் 20 சதவீதமாக ஊதிவிடும். நாம் அறிவித்த 60, 30, 10 வர வேண்டுமானால் வெயிட்டேஜைக் கையால் மாற்றி எழுத வேண்டும். இதில் நான் ஒருமுறை தவறியதுண்டு. செமஸ்டர் நடக்கும்போதே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். அந்தத் தவறு என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. திருத்திய பிறகு திரையில் 60, 30, 10 என்று சரியாக நின்றதே, அதுதான் என்னை ஏமாற வைத்தது. எண்ணைச் சரியாக எழுதிவிட்டால் நியாயம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

இன்டர்னல் மதிப்பெண் எப்படி உருவாகிறது என்பதை உள்ளபடி சொல்கிறேன். முதல் டெஸ்ட் நடக்கும். வகுப்பில் கால்வாசிப் பேர் சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இம்ப்ரூவ்மென்ட் டெஸ்ட் வைப்போம். கேள்வித்தாள் பெரும்பாலும் அதேதான், எண்கள் மட்டும் மாறியிருக்கும். அதில் வாங்கியது பழைய மதிப்பெண்ணின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் போதாதவர்களுக்கு ஓர் எழுத்து வேலை கொடுத்து இன்னும் நான்கைந்து மார்க் சேர்ப்போம். அசைன்மென்ட்டில் ஒன்பதுக்குக் கீழே போடுவது அபூர்வம். செமஸ்டர் முடியும்போது என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே நாற்பதுக்கு 36இலிருந்து 39க்குள் வந்துவிடுவார்கள். பள்ளியிலேயே பிள்ளைகள் இதற்குப் பழகித்தான் வருகிறார்கள். பிளஸ் டூவில் பாடத்துக்குப் பத்து மார்க் அகமதிப்பீடு உண்டு. அது குறையும் என்று எந்தப் பிள்ளையும் பயந்து நான் பார்த்ததில்லை. இன்டர்னல் என்றால் கொடுக்கப்படுவது. எண்ட் செம் என்றால் வாங்கப்படுவது. மாணவர்களும் பெற்றோர்களும் நாங்களும் சொல்லாமலே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

புள்ளியியல் படித்த எவருக்கும் இதில் என்ன கோளாறு என்று உடனே தெரிய வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கூட்டிய மதிப்பெண் யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது. ஒரு தேர்வு கிரேடைத் தீர்மானிக்கும் வலிமை, அதற்கு எத்தனை மார்க் ஒதுக்கினோம் என்பதைவிட, அதில் மாணவர்களின் மதிப்பெண் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதிலிருந்துதான் வருகிறது. இதை வருடா வருடம் மாறுபாட்டுப் பாடத்தில் நடத்துகிறேன். நடத்திக்கொண்டே இருந்தேன்.

ஒரு லேப் வகுப்புக்குப் பயிற்சிக் கணக்கு தயாரிக்கும்போதுதான் என் வகுப்பின் மதிப்பெண்களையே, பெயர்களை நீக்கிவிட்டு, தரவாக எடுத்தேன். இன்டர்னலின் திட்ட விலக்கம் ஒரு மார்க் அளவில் இருந்தது. அறுபதுக்குச் சுருக்கிய எண்ட் செம்மின் திட்ட விலக்கம் ஒன்பது மார்க்கை ஒட்டி இருந்தது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், திட்ட விலக்கத்தின் வர்க்கமான மாறுபாடு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 81. மொத்தத்தில் இன்டர்னலின் பங்கு 82இல் 1. நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. போர்டில் நாற்பது என்று எழுதிய பகுதி, மாணவர்களை வரிசைப்படுத்துவதில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் வேலை செய்திருக்கிறது. மிச்சம் முழுவதையும் அந்த மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் டெஸ்ட்டில் முதல் தடவை வாங்கிய அசல் மதிப்பெண்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திட்ட விலக்கம் ஆறு வந்தது. 36க்கு 81, இன்டர்னலின் பங்கு முப்பது சதவீதத்துக்கு மேல். நான் வாக்குக் கொடுத்த நாற்பதுக்கு அது எவ்வளவோ பக்கம். அந்த மதிப்பெண்கள் என் கையில்தான் இருந்தன. நானேதான் அவற்றை அழித்துச் சமன் செய்திருந்தேன்.

அன்றைக்கு அந்த எக்செல் தாளை மூடி வைத்துவிட்டு லேப்புக்கு வேறொரு தரவு கொடுத்தேன். அடுத்த செமஸ்டரிலும் அதே போர்டில் அதே 40, 60. அதே இம்ப்ரூவ்மென்ட் டெஸ்ட்.

ஏன் என்று கேட்டால் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். இன்டர்னல் பட்டியல் துறைத் தலைவரின் மேசைக்குப் போகும். பாதிக்குக் கீழே யாராவது இருந்தால் அந்த வரி சிவப்பில் இருக்கும். எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும். "இன்டர்னல்ல கை வைக்காதீங்க மேடம், எண்ட் செம்ல அவங்க தலையெழுத்து" என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். பெற்றோர் வருவார்கள். செமஸ்டர் முடிவில் மாணவர்கள் நிரப்பும் கருத்துப் படிவத்தின் சராசரி எங்கள் ஆண்டு மதிப்பீட்டில் சேரும். ஒப்பந்தத்தில் இருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு இதெல்லாம் வேலையோடு சம்பந்தப்பட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் நிரந்தரப் பணியில் இருக்கிறவள். என் சம்பளத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை. என் அறைக்கு யாரும் முகம் வாடி வரக் கூடாது என்ற ஆசைதான் எனக்கு இருந்தது. 36 போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நஷ்டம் யாருக்கு என்று எண்ட் செம் வரைக்கும் தெரியாது. அதனால்தான் அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

அந்த மாணவி கிரேடு வெளியான வாரத்தில் வந்தாள். தற்காலிகமாகக் காட்டப்படும் கிரேடுகளின் மேல் ஆட்சேபம் இருந்தால் மனுக் கொடுக்க அவகாசம் இருந்த வாரம் அது. தேர்வன்று காய்ச்சலோடு எழுதியிருந்தாள். அது எனக்கு அப்போதே தெரியும். எண்ட் செம்மில் நூற்றுக்கு 52. அதை அவள் மறுக்கவில்லை, மறுமதிப்பீடும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"மேம், எண்ட் செம் நான் சரியா எழுதல, அது எனக்கே தெரியும். ஆனா இன்டர்னல் நாப்பது இருக்குன்னு நீங்க முத நாளே சொன்னீங்களே. ரெண்டு டெஸ்ட்லயும் நான்தான் மேம் ஃபர்ஸ்ட். அது எங்க மேம் போச்சு?"

கேள்வி அவ்வளவு துல்லியமாக இருந்தது. நான் மறைத்து வைத்திருந்த எக்செல் தாளையே அவள் வாசித்துக் காட்டியது போல. நான் சொன்ன பதில்: "மார்க்கை ஏத்துறது மட்டும்தாம்மா என் வேலை. கணக்கு முழுக்க சாஃப்ட்வேர் போடுது. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் "சரி மேம், தேங்க்யூ மேம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுடைய கணக்கை இங்கே முழுதாகப் போடுகிறேன். இன்டர்னல் 39, எண்ட் செம் 52 என்பது அறுபதுக்கு 31.2, மொத்தம் 70.2. அதே வகுப்பில் இன்னொரு மாணவன்: இன்டர்னல் 36, எண்ட் செம் 68 என்பது 40.8; மொத்தம் 76.8. அவன் 6.6 மார்க் முன்னால். அவனுக்கு ஏ, அவளுக்கு பி பிளஸ். இப்போது மறுதேர்வும் சேர்ப்பும் இல்லாத அசல் இன்டர்னலைப் பார்த்தால் அவளுக்கு 38, அவனுக்கு 22. மொத்தம் அவளுக்கு 69.2, அவனுக்கு 62.8. அவள் 6.4 மார்க் முன்னால். செமஸ்டர் முழுக்க அவள் சம்பாதித்த பதினாறு மார்க் இடைவெளியை நான் மூன்றாக ஆக்கியிருந்தேன். எண்ட் செம்மில் அறுபதுக்கு அவன் காட்டிய 9.6 மார்க் வித்தியாசத்தை மட்டும் ஒரு புள்ளி குறையாமல் எடுத்துக்கொண்டேன். சாஃப்ட்வேர் நான் கொடுத்ததைக் கூட்டியது. கூட்டியதில் பிழை எதுவும் இல்லை.

சாஃப்ட்வேரின் மேல் பழி போட எனக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. மூடுலில் காலியான கட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஒரு தெரிவு உண்டு. அது முதலிலிருந்தே இயக்கத்தில்தான் இருக்கும். செமஸ்டர் நடக்கும்போது அது நியாயமானது. இன்னும் வைக்காத டெஸ்ட்டுக்குப் பூஜ்யம் என்று காட்டினால் பிள்ளைகள் பதறுவார்கள். ஆனால் செமஸ்டர் முடிந்த பிறகும் அது இயங்கினால், அசைன்மென்ட் கொடுக்காதவர்களின் காலிக் கட்டம் பூஜ்யமாக மாறாது, இல்லாததாகவே ஆகிவிடும். ஐந்தில் இரண்டை மட்டும் கொடுத்து இரண்டிலும் ஒன்பது வாங்கியவருக்குப் பத்துக்கு 9 வரும். ஐந்தையும் கொடுத்து 9, 8, 7, 9, 7 என்று வாங்கியவருக்கு 8தான் வரும். கொடுக்காதவருக்கு அதிகம், கொடுத்தவருக்குக் குறைவு. இதை ஒருமுறை கிரேடு அனுப்புவதற்கு முந்தின நாள் மாலை பார்த்தேன். திருத்த ஒரு டிக்கை எடுத்தால் போதும். எடுத்தால் பலருக்கு மார்க் இறங்கும். அவர்கள் ஏற்கெனவே திரையில் தங்கள் மொத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை என் அறை வாசலில் நிற்பார்கள். நான் எடுக்கவில்லை. அப்படியே அனுப்பினேன். தெரியாமல் விட்டது என்று இன்றுவரை துறையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைப் போன்றவர்களோடு பேசும்போது ஒரு வாதம் வரும்: இன்டர்னலை யார் நம்புவது? அசைன்மென்ட் ஒருவர் எழுத, பத்துப் பேர் பார்த்து எழுதுகிறார்கள். இப்போது சாட்ஜிபிடி வேறு. ஹாலில் உட்கார்ந்து கையால் எழுதும் மூன்று மணி நேரம்தான் மாணவருடைய சொந்தச் சரக்கு என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. எண்ட் செம்முக்குப் பெரிய வெயிட்டேஜ் வைப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கு நூறும் எண்ட் செம்தான் என்று முதல் நாளே போர்டில் எழுதியிருந்தால் அது கடுமையான ஏற்பாடு. ஆனால் பொய் இல்லை. அந்த மாணவி தன் நேரத்தை வேறு மாதிரி பங்கிட்டிருப்பாள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் விடிய விடியப் படித்திருக்க மாட்டாள். காய்ச்சல் என்றதும் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து மறுதேர்வு கேட்டிருக்கலாம். நாற்பது மார்க் கையில் இருக்கிறது என்று நம்பித்தான் காய்ச்சலோடு ஹாலுக்குப் போனாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான்.

2020இல் கொரோனாவால் செமஸ்டர் தேர்வுகள் ரத்தானபோது, இறுதியாண்டு தவிர மற்ற மாணவர்களுக்கு இன்டர்னலையும் முந்தைய செமஸ்டர் மதிப்பெண்ணையும் வைத்துத்தான் முடிவு போட வேண்டியிருந்தது. எல்லாரும் அப்போது இன்டர்னல் ஏடுகளைத் தேடி எடுத்தோம். பக்கம் பக்கமாக 37, 38, 37, 39. அதைப் பார்த்துவிட்டு எங்கள் துறையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தச் செமஸ்டரில் மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று அறிந்துகொள்ள ஒரே வழி அதுவாக இருந்த சமயத்தில் அதில் எதுவும் இல்லை. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும்.

போன வருடம் அந்தப் பழைய வகுப்பின் கணக்கைத் திரும்பப் போட்டு, இடம் மாறியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். கல்விக் குழு ஒப்புதல் கொடுத்த முடிவுகளை இனித் திறக்க வழி இல்லை என்றார். மறுமதிப்பீடு எண்ட் செம் தாளுக்கு மட்டும்தான், அதற்கும் கெடு முடிந்துவிட்டது. பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நடந்ததை முழுதும் சொன்னேன். அன்றைக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் லெட்டர் குடுத்திருப்பேன் மேம். டைம் இருந்துச்சு அப்போ" என்றாள். கோபப்படவில்லை. மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது என் வகுப்பில் முதல் டெஸ்ட் மதிப்பெண் நிற்கும். இம்ப்ரூவ்மென்ட் எழுதினால் இரண்டின் சராசரி எடுப்பேன். கொடுக்காத அசைன்மென்ட்டுக்கு நானே கையால் பூஜ்யம் ஏற்றுகிறேன். உடம்பு சரியில்லாதவர்களை மட்டும் விசாரித்து விலக்கு அளிக்கிறேன். முதல் வகுப்பில் 40, 60 என்று எழுதிவிட்டு, அந்த நாற்பது நாற்பதாக வேலை செய்ய வேண்டுமானால் எல்லாருக்கும் 38 வராது என்பதையும் சொல்கிறேன். இன்டர்னல் பட்டியல் இப்போது 14இலிருந்து 38 வரை போகிறது. துறைத் தலைவருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. கருத்துப் படிவத்தில் என் சராசரி இறங்கிவிட்டது. அறை வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள். கணினியைத் திருப்பி வைத்து அவர்களோடு உட்கார்ந்து கணக்கைக் காட்டுகிறேன். சிலர் சமாதானமாகிப் போகிறார்கள், சிலர் அழுகிறார்கள்.

எனக்கு விடை தெரியாமல் இருந்தது, என் கணக்கால் வரிசையில் மேலே போனவர்கள் விஷயம். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. நான் சொன்ன விதிப்படி எழுதினார்கள், நான் கொடுத்ததை வாங்கினார்கள். அந்த 76.8 வாங்கிய மாணவன் மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போன மாதம் எழுதியிருந்தான். நல்ல பையன். அந்தப் படிவத்தில், என் பாடத்தில் வகுப்பில் அவன் எந்த இடத்தில் இருந்தான் என்று ஒரு கட்டம் இருந்தது. அவனைப் போனில் கூப்பிட்டு, அந்த இடம் எப்படி வந்தது, டெஸ்ட்டுகளில் முதலில் நின்றவள் எப்படிப் பின்னால் போனாள் என்று சொன்னேன். எண்ட் செம் தாளில் அவன் வாங்கிய இடத்தை எழுதுகிறேன், அது அவனே வாங்கியது, மொத்தத்தின் இடத்தை எழுத மாட்டேன் என்றேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். பிறகு, "அப்போ அவளுக்கு நீங்க என்ன மேம் எழுதிக் குடுப்பீங்க?" என்று கேட்டான். அவள் எப்போது வந்து கேட்டாலும், இரண்டு டெஸ்ட்டிலும் வகுப்பில் முதலிடம் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன் என்றேன். அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. கடிதத்தை எழுதி அவளுக்கு அனுப்பிவிட்டேன்.